ஆற்றுக்கு எது இடது

பெரிய மாப்பிள்ளைக்குச் சின்ன மாப்பிள்ளையைப் பிடிக்காது என்று சொன்னால் அது அபாண்டம். பிடிக்காமல் போக அந்த மனுஷன் ஒரு காரணமாவது கொடுக்க வேண்டாமா? ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலைகள் இருவரும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். இத்தனை வருஷத்தில் சின்னவர் ஒரு தடவைகூட மரியாதை குறைத்துப் பேசியதில்லை. இவர் உட்காராமல் மாமியார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. குறை சொல்ல வழியே இல்லாத ஆள்மேல் வருகிற பொறாமை இருக்கிறதே, அதற்கு வெளியே போக வாசல் கிடையாது. உள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் பெரியவர் கைதான் ஓங்கியிருந்தது. அவர் ஆற்றுநீர்க் கண்காணிப்பு அலுவலகத்தில் மாதிரி எடுப்பவர். செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப்பில் ஏறி, ஆற்றின் நீளத்துக்கு ஒன்பது நிலையங்களிலும் இறங்கி, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துவந்து ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆபீசில் அவருக்குப் பாட்டில்காரர் என்றே பெயர். சின்னவரோ ஆற்றங்கரையில் இருக்கும் பால் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். கல்யாணமான புதிதில் மாமியாரே, "மூத்தவளுக்கு ஆறு, சின்னவளுக்குச் சாக்கடை" என்று பெருமூச்சு விட்டிருக்கிறாள். அந்தப் பெருமூச்சைப் பெரியவர் பல வருஷம் மனசுக்குள் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னவர் அந்தச் சாக்கடையை என்ன செய்தாரோ, மூன்று வருஷத்தில் அங்கே கடைசித் தொட்டியில் மீன் விட்டார். மீன் செத்துப்போகும் என்று பெரியவர் காத்திருந்தார். அது குஞ்சு பொரித்தது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை கட்டிப் பார்க்க வந்தார்கள். போன வருஷம் "தூய ஆற்றுக்கான கேடயம்" அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்தது.

கேடயம் கொடுத்தது யார் தெரியுமா? பெரியவருடைய ஆபீஸ்தான். எதை வைத்துக் கொடுத்தார்கள்? மூன்று வருஷமாக, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் பெரியவர் எடுத்துவந்த பாட்டில்களை வைத்துத்தான். தண்ணீர் எடுத்தது இவர். எண் எழுதியது இவர். மேடையில் கேடயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தலைவர் கையில் நீட்டியதும் இவரே. வாங்கிக்கொண்டு சிரித்தது மட்டும் சகலை. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அதில் பெரியவருடைய முழங்கை தெரிந்தது.

மாமியார் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பெரியவருக்கு எதைத் தின்றாலும் தொண்டையில் நின்றது. "அந்த முழங்கை யாருதுன்னு யாராவது கேட்டாங்களா?" என்று ஒருநாள் மனைவியிடம் பொருமினார். அவள் துணி மடித்துக்கொண்டே, "கேட்டா நாங்க சொல்ல மாட்டோமா? எங்கக்கா வீட்டுக்காரர் முழங்கைன்னு தங்கச்சியே சொல்லிக்கிட்டுத் திரியுறா" என்றாள். கிண்டலா, நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதுவானாலும் வயிறு எரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

நான்காம் நிலையம் என்பது ஒடுக்கமான ஒரு பழைய இரும்பு நடைபாலம். பால் தொழிற்சாலைக்குக் கீழே, ஆறு ஒரு வளைவு திரும்பிய பிறகு வரும். அங்கே ஒரு பாட்டில் போதாது, மூன்று எடுக்க வேண்டும்: இடது கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வலது கரையோரம் ஒன்று. கரையில் யார் எதை ஊற்றினாலும் அது உடனே ஆறு முழுக்கக் கலந்துவிடாது. ஊற்றிய கரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வெகுதூரம் போகும். எந்தக் கரைப் பாட்டில் கெட்டிருக்கிறதோ, அந்தக் கரையில்தான் குற்றவாளி. இடது கரையில் மூன்றாம் நிலையத்துக்கும் நான்காம் நிலையத்துக்கும் நடுவே பால் தொழிற்சாலையைத் தவிர வேறு எதுவும் இல்லை, புதர்தான்.

இதில் புதிதாக வருகிறவர்களைத் திணறடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆற்றுக்கு எது இடது? தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வருவது இடது கரை. ஆபீஸ் விதி அது. ஆனால் மாதிரி எடுக்கிறவன் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்றுதான் வாளியை இறக்க வேண்டும். பாலத்துத் துரு தண்ணீரில் விழாத பக்கம் அதுதான். ஆகவே அவனுடைய இடது ஆற்றின் வலது. அவனுடைய வலது ஆற்றின் இடது. எத்தனையோ பேர் முதல் மாதம் முழுக்க மாற்றி மாற்றி எழுதித் திட்டு வாங்கியிருக்கிறார்கள். பெரியவர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் குழம்பியதில்லை. அவர் யோசிப்பதே இல்லை என்பதுதான் காரணம். ஜீப் எப்போதும் இடது கரையில் நிற்கும். முதல் பாட்டில் இடது, அடுத்தது நடு, கடைசி வலது.

அன்றைக்கு இடது கரைச் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் முனகிக்கொண்டே மேலேயிருக்கும் பெரிய பாலம் வழியாகச் சுற்றிவந்து, வலது கரையில் ஜீப்பை நிறுத்தினார். பெரியவர் இறங்கினார், வாளியைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினார். முதல் தண்ணீரை எடுத்தார். வழக்கம்போல் "4 - இடது" என்று சீட்டு எழுதி ஒட்டி, பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, நிரப்பி, மூடினார்.

மீதித் தண்ணீரில் கொஞ்சத்தைச் சிறு குழாயில் ஊற்றி, அம்மோனியா பார்க்கிற மருந்தில் மூன்று சொட்டு விட்டார். தண்ணீர் நன்றாக இருந்தால் நிறம் மாறாது. லேசாகக் கெட்டிருந்தால் மஞ்சள். இது மஞ்சளைத் தாண்டிப் பழுப்புக்குப் போய் நின்றது.

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. குழாயை வெயிலுக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அட என் சகலையே!" என்றார். அந்தக் குரலில் இருந்த பாசத்தை அவர் பெண்டாட்டிகூடக் கேட்டிருக்க மாட்டாள்.

நடு, வலது இரண்டையும் எடுத்து முடித்தார். இரண்டும் தெளிவாக இருந்தன. களப்புத்தகத்தில் எழுத உட்கார்ந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. எதற்கு நின்றது? முதுகுக்குப் பின்னால், வலது கரையில், புது அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இடது கரை: அம்மோனியா மிக அதிகம்" என்று எழுதி, "மிக" என்பதன் கீழே கோடும் போட்டார்.

"என்ன சார், இன்னைக்கு ஒரே சிரிப்பா இருக்கீங்க?" என்று டிரைவர் கேட்டார்.

"ஆறு பேசுதுய்யா" என்றார் பெரியவர்.

புதன்கிழமை ஆய்வகத்தில் முடிவு வந்தது. அங்கே இருக்கிற வேதியியலாளருக்குச் சொட்டு என்று பட்டப்பெயர். எதையும் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார், பேச்சும் அப்படித்தான் வரும். "அரைக்குக் கீழ இருக்கணும். நாலரை. இதுல மீன் தாங்காது" என்றார். மீன் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அவருக்கு மேலதிகாரியான பொறியாளரம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். எண்ணைப் பார்த்ததும் மற்றவர்களைப்போல் துள்ளிக் குதிக்கிற ஆள் இல்லை. "ஒரு தடவை வந்ததை வெச்சு ஒருத்தர் மேல கை வைக்க முடியாது. நாளைக்கு மறுபடி எடுங்க. தொழிற்சாலைக் குழாய் வாயிலயும் எடுங்க."

"அங்க என் சகலை வேலை பார்க்கிறாரும்மா. வேற யாரையாவது அனுப்பினா நல்லது" என்றார் பெரியவர். சொல்லும்போதே தன் நேர்மையைக் கண்டு தனக்கே மெய்சிலிர்த்தது.

"அதையும் மறைக்காம சொல்றீங்களே, அதனாலதான் நீங்களே போகணும்ங்கறேன். உங்க கைக்கு நான் தனியா சாட்சி தேடணுமா?"

வியாழக்கிழமை காலையில் முதலில் தொழிற்சாலைக் குழாய் வாயில் பிடித்தார். தண்ணீர் பளிங்காக இருந்தது. சரி, அந்தக் குழாயில் நல்லது விடுவான், ஒளித்து வைத்த குழாயில் கெட்டது விடுவான், இவனுக்கா தெரியாது என்று சொல்லிக்கொண்டே நான்காம் நிலையத்துக்கு வந்தார். பள்ளத்தை மூடிவிட்டிருந்தார்கள். ஜீப் எப்போதும்போல இடது கரையில் நின்றது. டிரைவர் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

முதல் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை.

இன்னொரு சொட்டு விட்டார். குழாயை ஆட்டினார். தெளிவாகவே இருந்தது. அவருக்குச் சப்பென்று போய்விட்டது. ஆறு சுத்தமாக இருப்பதைப் பார்த்து அழுகை வந்த முதல் ஆற்றுநீர் ஊழியர் அவராகத்தான் இருப்பார். நடுத் தண்ணீரும் தெளிவு. வேண்டாவெறுப்பாக வலது கரையோரத்துக்குப் போய்க் கடைசி வாளியை இறக்கி, மருந்து விட்டார். பழுப்பு. அதே பழுப்பு.

வாளியைக் கீழே வைத்தார். செவ்வாய்க்கிழமை ஜீப் எங்கே நின்றது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லலாம். ஞாபகம் வந்ததா, ஞாபகத்துக்கு வராமல் இரண்டு நாளாக அமுக்கி வைத்திருந்தாரா என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. வலது கரையில் அந்த அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஒரு மழைநீர்க் கால்வாய் ஆற்றில் வந்து விழுகிறது. மழை பெய்து ஒரு மாதமாகிறது. கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ கக்கூஸ் குழாயைக் கொண்டுபோய் மழைநீர்க் கால்வாயில் சொருகிவிட்டான். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ மூக்கு.

மூன்று பாட்டில்களும் பாலத்துத் தரையில் வரிசையாக இருந்தன. சீட்டு இன்னும் எழுதவில்லை. எழுதிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்பது விதி. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் விதியை எல்லாம் ஒருமாதிரி தளர்த்தியிருந்தார்.

சரியாக எழுதினால் என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை எழுதியது தப்பு என்று ஆகும். இருபத்திரண்டு வருஷப் பாட்டில்காரர் முதல் மாதப் பையனைப்போல இடது வலது தெரியாமல் எழுதினார் என்று ஊர் சிரிக்கும். சகலை சிரிக்க மாட்டான். "பரவாயில்லண்ணே, யாருக்கும் வரும்" என்று தோளைத் தொடுவான். அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் அவன் தலை குனிந்து நடக்கட்டும். மாமியார் அந்தப் படத்தை ஒரு தடவை சங்கடத்தோடு பார்க்கட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை சரியாக எழுதிவிட்டால் எல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

பழுப்பாக வந்த பாட்டிலில் "4 - இடது" என்று ஒட்டினார். தெளிவாக வந்ததில் "4 - வலது" என்று ஒட்டினார். செவ்வாய்க்கிழமை செய்தது தவறு என்றால் இது களவு. வித்தியாசம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்கு நோட்டீஸ் போனது. இரண்டு தடவையும் இடது கரை கெட்டிருக்கிறது, வெளியே தெரிகிற குழாயில் குற்றமில்லை. ஆகவே கணக்கில் காட்டாத குழாய் ஏதோ ஆற்றுக்குள் போகிறது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் அதைக் காட்டாவிட்டால் கழிவுநீர்ப் பிரிவுக்குச் சீல் வைக்கப்படும். கள்ளக் குழாய் வைத்தவன் என்ற பெயர் ஒரு தடவை விழுந்துவிட்டால், அந்தத் தொழிலில் அந்த ஆளை அப்புறம் யாரும் வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகவே பிறந்தவர்போலப் பெரியவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். சின்னவர் வந்திருக்கவில்லை. இன்றைக்காவது பேச்சு தன் பக்கம் திரும்பும் என்று நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திரும்பவில்லை. பேச்சு முழுக்கச் சின்னவர்தான். மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லையாம். சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆளை வைத்துத் தரையெல்லாம் தோண்டுகிறாராம். மச்சினி கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். மாமியார் பரிமாறுகிற கரண்டியைக் கையில் பிடித்தபடியே சுவரிலிருக்கும் படத்தைப் பார்த்தாள். சங்கடம் அதில் துளியும் இல்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. ஏறினாலும் அவன் பேச்சு, இறங்கினாலும் அவன் பேச்சு! பெரியவர் சோற்றை மென்று விழுங்கினார். இப்போதும் அது தொண்டையில்தான் நின்றது.

"மாப்ளே, நீங்கதானே தண்ணி எடுத்தீங்க? அதுல ஏதாவது தப்பு வந்திருக்குமா?" என்று மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "அம்மா! இவரு எடுத்ததுல தப்பா? ஊட்டுல உப்பு டப்பாவுக்கே மூணு தடவ பேரு எழுதிப் பார்க்கிற ஆளும்மா இவரு."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னவர் வந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று நாள் தாடி. உள்ளே வராமல் படியிலேயே நின்று, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார்.

பெரியவர் எழுந்து போனார். வந்துவிட்டான், கெஞ்சப்போகிறான் என்று ஒரு மனசு குதித்தது. இன்னொரு மனசு, திரும்பிப் போய்விடு என்றது.

"என்ன சகலை, உள்ள வாங்க. உக்காருங்க."

"சேறுண்ணே. இங்கயே சொல்லிடறேன். கட்டடத்தைச் சுத்தி முழுக்கத் தோண்டிட்டேன். எந்தக் குழாயும் ஆப்படல. எங்க மீட்டர் எல்லாம் சரின்னுதான் காட்டுது."

"அப்ப... அதைச் சொல்லி எழுதிக் கொடுங்களேன்."

"எப்படிண்ணே சொல்றது? மீட்டர நம்பறதா, உங்க பாட்டில நம்பறதான்னு வந்தா, எனக்கு ரெண்டு யோசனை இல்ல. நீங்க எடுத்து, ரெண்டு தடவயும் இடதுன்னா இடதுதான். அஸ்திவாரத்துக்குக் கீழ ஏதோ பழங்காலத்துக் குழாய் இருந்திருக்கணும், நான் கவனிக்காம விட்டிருக்கணும்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "என் பொறுப்புன்னு எழுதிட்டேன். வேலைய விட்டுப் போறேன்னும் எழுதிட்டேன். நாளைக்குக் காலையில கொடுத்திருவேன். அங்க நாப்பது பேரு இருக்காங்க. சீல் வெச்சா அத்தனை பேரும் நிக்கணும். நான் ஒருத்தன் போயிட்டா அவங்கள விட்டிருவாங்க இல்ல?"

பெரியவர் காகிதத்தை வாங்கவில்லை.

"உங்ககிட்ட இதச் சொல்லணும்னுதான் வந்தேன். நாளைக்கு நான் அதைக் கொடுக்கிறப்போ, சகலையாலதான் அவன் வேலை போச்சுன்னு உங்கள யாராச்சும் சொல்லுவாங்க. அதெல்லாம் மனசுல போட்டுக்காதீங்க. உங்க வேலைய நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. வரட்டுமாண்ணே?"

வந்த வழியே போய்விட்டார். பெரியவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. கோபம்தான். நல்லவனாக இருப்பதிலும் இவன் முந்திக்கொண்டானே என்ற கோபம். தோற்கிறபோதுகூட இவன் ஜெயித்துவிட்டுப் போகிறானே! படியில் நின்ற இடத்தில் சேற்றுக் கால்தடம் இரண்டு இருந்தது. மாமியார் துடைக்கத் துணி கொண்டுவந்தாள். "குடுங்க, நான் தொடைக்கறேன்" என்று வாங்கிக் குனிந்து துடைத்தார். துடைக்கத் துடைக்கத்தான் கண் கலங்கியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பொறியாளரம்மா கதவைத் திறக்கும்போதே பெரியவர் களப்புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நாலாம் நிலையத்துல கெட்டது இடது இல்ல. வலது. அடுக்குமாடிக்குக் கீழ இருக்கிற மழைநீர்க் கால்வாய்."

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எந்தக் கால்வாய்?" என்றாள். அவர் சொன்னார். அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். "செவ்வாய்லேர்ந்து... அப்ப ஆறு நாளா அது ஓடிக்கிட்டே இருக்கா?"

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சகலை, மாமியார், படம், காகிதம் என்று ஆறு நாளாக என்னென்னவோ நினைத்திருந்தார். ஆற்றை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஏழாம் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் இழுக்கிறார்கள். அவர் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான்.

அவள் முதலில் வடிகால் பிரிவுக்குப் போன் செய்தாள். அடுத்தது குடிநீர் நிலையத்துக்கு. இரண்டிலும் நறுக்கென்று நாலே வாக்கியம். அதன் பிறகுதான் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள். களப்புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"திருத்துங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வரியில் "இடது" என்பதைக் கோடு கிழித்து "வலது" என்று எழுதினார். காரணம்: "சாலை தோண்டியதால் எதிர்க்கரையிலிருந்து தொடங்கியதைக் கவனிக்கவில்லை." கையெழுத்து.

வியாழக்கிழமை வரிக்கு வந்தார். கோடு கிழித்தார். "வலது" என்று எழுதினார். காரணக் கட்டத்தில் பேனா நின்றது.

அவள் அவரையும் பேனாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாலை மூடிவிட்டது என்பது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அதே காரணம்தானே? மேற்படின்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. கவனக்குறைவுன்னா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்" என்றாள் மெதுவாக.

எவ்வளவு சின்னச் சொல்! மேல் வரியில் இருக்கும் அதே காரணம். நாலு எழுத்தில் முடிந்துவிடும். அவர் "மேற்" வரைக்கும் எழுதிவிட்டார்.

அதற்குள் அவள் தொழிற்சாலைக்குப் போன் போட்டிருந்தாள். கையில் கோப்பு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். "சீல் இல்லைங்க. தப்பு எங்க பக்கம். கெட்டது வலது கரை. நோட்டீசுக்கு நீங்க எந்தப் பதிலும் கொடுக்க வேண்டியதில்லை."

அந்தப் பக்கத்திலிருந்து சின்னவர் குரல் உடைந்து வந்தது. "அண்ணன்தானே கண்டுபிடிச்சாரு? எனக்குத் தெரியும் மேடம். நேத்து என் மூஞ்சியப் பார்த்ததுமே மறுபடி போய்ப் பார்த்திருப்பாரு. அவரு விடமாட்டாரு. அண்ணன் அங்க இருந்தா, நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க."

அவள் பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் தாளைப் பார்த்தார்.

"சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

பெரியவர் "மேற்" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தார், பழைய எழுத்து தெரிகிற மாதிரி. பக்கத்தில் எழுதினார்: "தெரிந்தே மாற்றினேன். சகலைமேல் பொறாமை."

அவள் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டாள். "இதை நான் மேல அனுப்பியாகணும். புரியுதா உங்களுக்கு? இருபத்திரண்டு வருஷம்."

"புரியுதும்மா" என்றார் பெரியவர். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.